பழைய காரும் அதன் ஜன்னல் ஸ்டிக்கரும்: உங்கள் அனுபவம் என்ன?

மிச்சிகனில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் 1965-ஆம் ஆண்டின் போன்டியாக் ஜிடிஓ என்ற சக்திவாய்ந்த கார் ஒன்று விற்பனைக்கு இருப்பதாக அறிந்து, சென்ற கோடையில் நானும் என் மைத்துனரும் பார்க்கச் சென்றோம். விற்பவர் காரைக் காட்டுவதற்கு முன்பே, ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த அதன் ஜன்னல் ஸ்டிக்கரைத்தான் காட்டினார். கேட்ட விலையில் கணிசமான பகுதி அந்தக் காகிதத்துக்காகத்தான் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது.

புதியவர்களுக்காகச் சிறு விளக்கம். ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி முன்னின்று கொண்டுவந்த 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் அதன் அடையாள எண், இறுதியாகப் பொருத்தப்பட்ட ஊர், எந்த டீலருக்குச் சென்றது, அடிப்படை விலை, கூடுதல் வசதிகளின் விலை, போக்குவரத்துக் கட்டணம் ஆகியவை அச்சிட்ட தாள் ஒட்டப்பட வேண்டும். அதை அகற்றும் உரிமை வாங்குபவருக்கு மட்டுமே உண்டு. பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டதால்தான் பிழைத்திருக்கும் தாள்களுக்கு இன்று இவ்வளவு மரியாதை.

1965 ஜிடிஓ விஷயத்தில் அந்த மரியாதைக்குத் தனிக் காரணமும் உண்டு. அப்போது ஜிடிஓ தனி மாடல் அன்று. போன்டியாக்கின் சாதாரண லீமான்ஸ் காரில் ஏறத்தாழ 296 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் கிடைத்த ஒரு தொகுப்பு. ஆகவே சாதாரண லீமான்ஸானாலும் ஜிடிஓவானாலும் அடையாள எண் 237 என்றுதான் தொடங்கும். 1966-இல்தான் 242 என்ற தனி எண் வந்தது. முகப்பு வலையையும் பெயர்ப்பட்டையையும் மாற்றி, 389 கன அங்குல எஞ்சினையும் இறக்கிவிட்டால் லீமான்ஸை ஜிடிஓ என்று விற்றுவிடலாம். எண் அதைக் காட்டிக்கொடுக்காது.

நான் காரின் அடியில் குனிந்து துருவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஃபிரேமின் முன்னாலேயே நின்றிருந்த மைத்துனர், “அத்தான், அறுபது வருஷத் தாளில் ஒரு பசைத் தடம்கூட இல்லையே, பார்த்தீர்களா?” என்று மெல்லக் கேட்டார். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது எழுத்துகளின் ஓரத்தில் லேசர் அச்சுப்பொறித் தூளின் சிதறல் தெரிந்தது. காரை அலங்கரிப்பதற்கென்றே இத்தகைய நகல்களை அச்சிட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். நகல் என்று சொல்லி வைத்திருந்தால் யாருக்கும் கெடுதலில்லை. விற்பவரோ தமக்கு முந்தைய உரிமையாளர் கொடுத்தது என்றார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. முன்பணம் கொடுக்காமல் திரும்பி, போன்டியாக் கார்களின் தொழிற்சாலைப் பதிவுகளை வைத்திருக்கும் பிஎச்எஸ் அமைப்பிடம் கட்டணம் செலுத்தி அந்தக் காரின் இன்வாய்ஸ் நகலைக் கேட்டேன். வந்த தாளில் ஜிடிஓ தொகுப்பு இல்லை. 326 எஞ்சினுடன் சென்ற லீமான்ஸ் என்றே இருந்தது.

உங்களில் யாருக்கேனும் உண்மையான ஸ்டிக்கர் கைக்கு வந்ததுண்டா?

மறுமொழி 1

எனக்கு வந்தது. ஒஹையோவில் ஒரு மூதாட்டியிடம் அவருடைய காலஞ்சென்ற கணவரின் 1969 கமாரோ இசட்28-ஐ வாங்கினேன். அந்த ஆண்டுக் கமாரோவின் அடையாள எண்ணில் 124 என்று இருந்தால் வி8 எஞ்சின் என்பது மட்டுமே தெரியும்; இசட்28 என்ற அதிவேகத் தொகுப்பு உள்ளதா என்பது தெரியாது. ஸ்டிக்கர் நான்காக மடித்து, ஒரு மூலை கிழிந்து, பழுப்பேறி, உரிமையாளர் கையேட்டுக்குள் கிடந்தது. அதைவிட எனக்குத் தெம்பளித்தது உத்தரவாதப் புத்தகத்தில் இருந்த ‘புரொடெக்ட்-ஓ-பிளேட்’ என்ற சிறு உலோகத் தகடு. அதில் புடைப்பாகப் பொறித்திருந்த அடையாள எண்ணும் எஞ்சின் குறியீடும் எஞ்சின் பிளாக்கில் வெட்டியிருந்தவற்றோடும் ஸ்டிக்கரோடும் பொருந்தின. தாள் மட்டும் கிடைத்திருந்தால் நான் தயங்கியிருப்பேன். மூன்றும் ஒன்றையே சொன்னதால் பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுத்தேன். (என் மனைவி இதை இன்னும் மன்னிக்கவில்லை.)

மறுமொழி 2

என்னுடையது பழைய கார் அன்று. சிப் தட்டுப்பாடு நிலவிய 2021-இல் ஒரு டீலரிடம் புதிய கார் பார்க்கச் சென்றபோது, சட்டப்படியான மன்ரோனி ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே அதே பாணியில் அச்சிட்ட இன்னொரு தாள் ஒட்டப்பட்டு, ‘சந்தை நிலவரச் சரிக்கட்டல்’ என்ற பெயரில் பல ஆயிரம் டாலர் கூட்டப்பட்டிருந்தது. முதல் தாள் தொழிற்சாலையுடையது, இரண்டாவது டீலருடையது என்று எனக்கு வேறுபடுத்தத் தெரிந்திருந்ததால் வேறு கடைக்குச் சென்றேன். அங்கே வாங்கிய காரின் ஸ்டிக்கரைப் பத்திரப்படுத்தினேன். சென்ற ஆண்டு விற்கும்போது, இருக்கைச் சூடேற்றியும் இழுவைத் தொகுப்பும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டவை என்பதற்கு அதுவே சான்றாயிற்று. இருந்தாலும் இதைப் பொக்கிஷம் என்று சொல்லமாட்டேன். இப்போது சில நிறுவனங்களின் தளங்களில் அடையாள எண்ணைக் கொடுத்தாலே அதன் பிரதியை இறக்கிக்கொள்ளலாம்.

மறுமொழி 3

பாதுகாப்பது பற்றி ஒரு வார்த்தை. பழைய தாளை லேமினேட் செய்துவிடாதீர்கள். சூட்டில் மை கெடலாம், பின்னர் அதன் பழமையைச் சோதிக்கவும் வழியிருக்காது. அமிலமற்ற உறையில், வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும்.

தொடங்கியவரின் பதில்

அனைவருக்கும் நன்றி. விட்டுப்போன ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்வாய்ஸ் நகலை விற்பவருக்கு நான் அனுப்பிய பத்தாவது நாள் அவரே தொலைபேசியில் அழைத்து, லீமான்ஸுக்குரிய விலைக்கே தருவதாகச் சொன்னார், வாங்கிவிட்டோம். ஃபிரேமையும் சேர்த்தே கொடுத்தார். போலித் தாளை எடுத்துவிட்டு, 326 எஞ்சின் என்று எழுதியிருக்கும் இன்வாய்ஸ் நகலை அதில் வைத்து, கார் கொட்டகைச் சுவரில் மைத்துனர் மாட்டியிருக்கிறார்.