குட்டி ஈன்ற பூனை தாம்பரம் பக்கம் யார் வீட்டிலாவது இருக்கிறதா?

தாயை வண்டியில் பறிகொடுத்த பூனைக்குட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. கண் பாதிதான் திறந்திருக்கிறது, காது இன்னும் மடங்கியே கிடக்கிறது. பிறந்து பத்து நாள் இருக்கலாம் என்றார் டாக்டர். எடை 190 கிராம்.

பசும்பால் கொடுக்கவில்லை. வயிற்றுப்போக்கு வந்தால் இந்தச் சின்ன உடம்பு தாங்காது. பூனைக்குட்டிக்கான பால்பவுடரை வெதுவெதுப்பாகக் கரைத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ஊசியில்லாத சிரிஞ்சில் துளித்துளியாகக் கொடுக்கிறேன். குப்புற வைத்துத்தான் கொடுக்க வேண்டும். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். உடம்பு சில்லென்று இருந்தால் முதலில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலோடு படுக்க வைக்கிறேன். சூடு ஏறாமல் பால் கொடுத்தால் செரிக்காது.

குடித்ததும் ஈரப்பஞ்சால் அடியில் மெதுவாகத் தடவினால் சிறுநீர் போகிறது. மலம்தான் நேற்றிலிருந்து இல்லை. வளர்த்தவர்கள் சொல்லுங்கள், எவ்வளவு நேரம் பொறுக்கலாம்?

அப்புறம் முக்கியமான விஷயம். பால் கொடுக்கும் பூனை இருந்தால் அதனிடம் சேர்த்துப் பார்க்க ஆசை. என்ன செய்தாலும் தாய்ச்சூடு என்னால் தர முடியாது. அது அமையாவிட்டால், திங்கள் முதல் நான் வேலைக்குப் போகும் பகல் நேரத்தில் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும். பால்பவுடர், சிரிஞ்ச் எல்லாம் நானே கொண்டுவந்து தருகிறேன். இன்பாக்ஸில் சொல்லுங்கள், ப்ளீஸ்.