மூடும் முன் மகளோடு போய் வந்தேன்: தீம் பார்க் அரங்குகளில் மட்டும் ஓடிய பழைய படங்கள் நிஜமாகவே நன்றாக இருந்தனவா, இல்லை நமக்குத்தான் வயது குறைவாக இருந்ததா?

பின்வரிசை (கேள்வி):

1998-ல் எனக்கு ஒன்பது வயது. அப்பா எங்களை ஃப்ளோரிடாவுக்குக் கூட்டிப் போனார். அந்தப் பயணத்தில் இருந்து எனக்கு ஒரு ரைடுகூட ஒழுங்காக நினைவில் இல்லை. நினைவில் நின்றது சிவப்புத் திரைச்சீலை போட்ட ஓர் அரங்கம், அங்கே பார்த்த மப்பெட் விஷன் 3டி என்ற பொம்மைப் படம். அப்போது அந்தப் பூங்காவுக்கு டிஸ்னி-எம்ஜிஎம் ஸ்டூடியோஸ் என்று பெயர், இப்போது ஹாலிவுட் ஸ்டூடியோஸ். 2025 ஜூன் முதல் வாரத்தோடு அரங்கத்தை மூடுகிறார்கள் என்று தெரிந்ததும், மே மாதமே என் எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். "ஒரு பொம்மைப் படத்துக்காகவா டிக்கெட் போடுறீங்க?" என்றாள் மனைவி. ஆமாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

நுழைகிற இடத்திலேயே ஒரு காவலர் கூண்டு உண்டு. ஐந்து நிமிடத்தில் வருகிறேன், சாவி மிதியடிக்கு அடியில் இருக்கிறது என்று ஒரு பலகை. மிதியடியைத் தூக்கினால் சாவி நிஜமாகவே இருக்கும். 98-ல் அதைக் கண்டுபிடித்தது அப்பா. இந்த முறை நான் வாயைத் திறக்கும் முன்பே மகள் தூக்கிப் பார்த்துவிட்டாள்.

உள்ளே போனதும்தான் எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது. மாடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நக்கலடிக்கிற இரண்டு கிழட்டுப் பொம்மைகள், மேடைக்கு முன்னால் பெங்குவின் வாத்தியக்குழு, பின்னால் புரொஜெக்டர் அறையில் இருந்து திரையை நோக்கிப் பீரங்கியால் சுடுகிற சமையல்காரர், திடீரென்று அரங்கத்துக்குள்ளேயே நடந்து வருகிற சடைமுடி பூதம். இதெல்லாம் அப்படியே இருந்தது, அப்படியே பிடித்தது. ஆனால் படத்தின் நட்சத்திரமாக நினைத்துச் செய்த அந்தக் கணினி உருவம் இருக்கிறதே, வால்டோ! 1991-ல் அது அதிசயமாக இருந்திருக்கும். இப்போது பழைய கம்ப்யூட்டரின் ஸ்க்ரீன்சேவர் எழுந்து வந்து பேசுவது போல இருக்கிறது. அது திரையில் துள்ளிக்கொண்டிருந்தபோது மகள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்பா, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றாள். அப்புறம் கண்ணாடியை மாட்டவே இல்லை. மீதி நேரம் முழுக்க மாடத்துக் கிழவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை. அந்தப் படத்தை இயக்கியவர் ஜிம் ஹென்சன், அதில் வரும் கெர்மிட் என்ற தவளைப் பொம்மைக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. 1990 மே 16-ல் இறந்துபோனார். அரங்கம் திறந்தது 1991 மே 16, சரியாக ஒரு வருடம் கழித்து. இதெல்லாம் தெரிந்துகொண்டு பார்க்கிறவன் கண்ணை நம்ப முடியாது. அதனால்தான் கேட்கிறேன். கேப்டன் ஈஓ, பேக் டு த ஃப்யூச்சர், டெர்மினேட்டர் போன்ற பூங்காப் படங்களைச் சின்ன வயதில் பார்த்துவிட்டுப் பெரியவரான பிறகு திரும்பப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தாங்கியதா? யூடியூபில் மட்டும் பார்த்தவர்களும் எழுதலாம், ஆனால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆபரேட்டர் கேபின்:

தம்பி, உங்கள் மகள் ஒரு வரியில் எங்கள் தொழிலையே சொல்லிவிட்டாள். நான் இருபது வருடத்துக்கு மேல் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். அந்த "ரெண்டு ரெண்டு"தான் விஷயம். இடக்கண்ணுக்கு ஒரு பிம்பம், வலக்கண்ணுக்கு ஒரு பிம்பம். அந்தக் காலத்தில் இரண்டு 70 மி.மீ. புரொஜெக்டர்கள் ஒரே மூச்சில் ஓட வேண்டும். ஒன்று ஒரு ஃப்ரேம் பிந்தினாலும் பார்க்கிறவர்களுக்கு மண்டை வலிக்கும். ஒவ்வொரு லென்ஸ் முன்னாலும் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற போலராய்டு வடிகட்டி இருக்கும், அதிலேயே பாதிக்கு மேல் வெளிச்சம் போய்விடும். கண்ணாடி தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கும். திரையும் சாதாரண வெள்ளைத் திரையாக இருக்கக் கூடாது, உலோகப் பூச்சு வேண்டும். இல்லாவிட்டால் ஒளி சிதறி இரண்டு பிம்பமும் இரண்டு கண்ணுக்கும் போய்விடும். சினிமாவுக்கு நாம் பேச்சுவாக்கில் வெள்ளித்திரை என்கிறோமே, அது இந்த அரங்குகளில் நிஜம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தப் படங்களெல்லாம் ஒரே ஓர் அறைக்காக எடுக்கப்பட்டவை. திரை எவ்வளவு அகலம், கடைசி வரிசை எவ்வளவு தூரம், பக்கத்துச் சுவரில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எடுத்தவை. அறையில் இருந்து பிரித்தால் ஒன்றும் மிஞ்சாது. யூடியூப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது, கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டுச் சாப்பாடு எப்படி என்று சொல்வது மாதிரி.

டெர்மினேட்டரை ஃப்ளோரிடாவின் யுனிவர்சல் பூங்காவில் 2014-ல் பார்த்தேன், மகன் கூட்டிப் போனான். அது 1996-ல் திறந்தது. ஜேம்ஸ் கேமரூன் வேலை செய்தது, படப்பகுதி சுமார் 12 நிமிடம்தான். நிஜ நடிகர் நிஜ மோட்டார் சைக்கிளில் மேடைக்குப் பாய்ந்து வருவார், கதையில் வரும் சிறுவனை ஏற்றிக்கொண்டு திரைக்குள் போவார், அடுத்த நொடி அவர்கள் படத்துக்குள் இருப்பார்கள். தையல் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றே உட்கார்ந்தேன், தவறவிட்டேன். கடைசியில் இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு திரைகள் திறந்துகொள்ளும். அங்கே வருகிற உலோகச் சிலந்தியின் கிராஃபிக்ஸுக்கு வயதாகிவிட்டதா என்றால், ஆகிவிட்டது. நான் கவனித்தேனா என்றால், வெளியே வந்து காப்பி குடிக்கும்போதுதான். 2017 அக்டோபரில் அதையும் மூடிவிட்டார்கள்.

கறார் கண்ணம்மா:

ஆபரேட்டர் ஐயா சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. நான் பார்த்தது கேப்டன் ஈஓ. எங்கள் அண்ணன் மைக்கேல் ஜாக்சன் பைத்தியம். 1986-ல் டிஸ்னிலேண்டில் திறந்தது, 1997-ல் எடுத்துவிட்டார்கள். ஜாக்சன் 2009-ல் இறந்த பிறகு ரசிகர்கள் கேட்டுக் கேட்டு 2010 பிப்ரவரியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த வருடமே அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

இயக்கம் 'காட்ஃபாதர்' எடுத்த கொப்போலா, தயாரிப்பில் 'ஸ்டார் வார்ஸ்' ஜார்ஜ் லூகாஸ், நடிப்பு ஜாக்சன், 17 நிமிடம். இத்தனை பேர் சேர்ந்து கடுகளவு கதை. விண்கலத்தில் வருகிறார், பொம்மைப் பிராணிகள் தட்டுத் தடுமாறுகின்றன, பொல்லாத ராணி பயமுறுத்துகிறாள், இவர் ஆடிப் பாடியே அவளைத் திருத்திவிடுகிறார். எனக்கு முதல் ஐந்து நிமிடம் நெளிந்துகொண்டே போனது. அறை காப்பாற்றும் என்கிறீர்கள். 1986-ல் அரங்கத்துக்குள் லேசர், புகை எல்லாம் இருந்ததாம். திரும்ப வந்தபோது அந்த லேசர் இல்லை. நடுவில் அதே இடத்தில் ஓடிய இன்னொரு படத்துக்காகத் தரையையே ஆட்டுகிற கருவி வைத்திருந்தார்கள், அதை இதன் தாளத்துக்குக் குதிக்க விட்டார்கள். இரவல் சட்டை மாதிரி.

சரி, நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாட்டு ஆரம்பித்ததும் அரங்கத்தில் பாதிப் பேர் கை தட்டிக்கொண்டு கூடவே பாடினார்கள். அண்ணன் அழுதுகொண்டிருந்தான். அவன் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. படம் தாங்கியதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஜாக்சன் ஆடுகிற அந்தச் சில நிமிடங்கள் மட்டும் வேறு கணக்கு, அதற்கு 3டியே தேவைப்படவில்லை.

எட்டாவது சீட்:

கறார் அவர்களே, உங்கள் அண்ணனுக்கு என் வணக்கம்.

நான் பேக் டு த ஃப்யூச்சர் ஆள். ஹாலிவுட்டில் இருக்கிற யுனிவர்சல் பூங்காவில் 1994-ல் ஒரே நாளில் மூன்று முறை. எட்டுப் பேர் உட்காருகிற, காலம் தாண்டிப் பறக்கிற டெலோரியன் வண்டி, ஓர் அரங்கத்தில் மூன்று அடுக்காக 12 வண்டிகள், எதிரே 80 அடி குவிமாடத் திரை. பக்கத்து வண்டி கண்ணில் படாது. உலகத்தில் நீங்கள் மட்டும்தான் பறக்கிறீர்கள் என்று தோன்றும். வண்டி உண்மையில் நகர்வது சில அடி தூரம்தான், மிச்சத்தை மூளையே பார்த்துக்கொள்ளும்.

அந்தப் படத்தை எடுத்தவர் டக்ளஸ் ட்ரம்புல், 1968-ல் வந்த '2001' விண்வெளிப் படத்தின் தந்திரக் காட்சிகளில் வேலை செய்தவர். நகரம், பனிக்குகை, வண்டியையே விழுங்குகிற டைனோசர், எல்லாம் கையால் செய்த மினியேச்சர். அங்கேதான் நான் பின்வரிசையோடு ஒத்துப்போகிறேன். மினியேச்சர் மீது விழுவது நிஜ வெளிச்சம், நிஜ நிழல். அதே 1991-ல் வந்த வால்டோவையும் அந்த டைனோசரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்றைக்குப் புதுசாக இருந்தது எதுவோ அதற்குத்தான் முதலில் வயதாகிறது.

ஒரு வேடிக்கை: அதில் நாம் பறந்து போகிற எதிர்காலம் 2015. அந்த வருடம் வந்து போய்விட்டது. ஃப்ளோரிடாவிலும் ஹாலிவுட்டிலும் 2007-லேயே மூடிவிட்டு, அதே இயந்திரத்தின் மேல் சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் படத்தை ஏற்றிவிட்டார்கள். ஜப்பானில் மட்டும் 2016 வரை ஓடியது, எதிர்காலத்தைத் தாண்டி ஒரு வருடம்.

படம் பின்னால் டிஸ்க்கிலும் வந்தது, வாங்கி வைத்திருக்கிறேன். அக்கா மகனுக்குப் போட்டுக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விட்டான். ஆபரேட்டர் ஐயாவின் கல்யாண வீடியோ கதைதான்.

ஆரஞ்சுத் தோப்பு:

வளைந்த திரைக்கு முன்னால் தொங்கிக்கொண்டு பறப்பது போல உணர வைக்கிற சோரின் ரைடு பற்றி யாரும் பேசவில்லையே. டிஸ்னியின் கலிஃபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவில் 2001-ல் வந்த முதல் படம் நிஜமாகவே வானில் இருந்து எடுத்தது, நொடிக்கு 48 ஃப்ரேம். ஆரஞ்சுத் தோப்பு மேல் பறக்கும்போது ஆரஞ்சு வாசனை வரும். 2016-ல் டிஜிட்டலாகப் புதுப் படம் போட்டார்கள், உலகமெல்லாம் சுற்றிக் காட்டுகிறது. ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தால் ஐஃபல் கோபுரம் வாழைப்பழம் மாதிரி வளைந்து தெரியும்! வளைந்த திரையில் நெட்டையான நேர்கோட்டைக் காட்டினால் அப்படித்தான் ஆகும். மலை, கடல், தோப்பு என்று இருந்தவரை யாருக்கும் அது தெரியவில்லை. பழைய படத்தை அவ்வப்போது திரும்பப் போடுகிறார்கள், வரிசையும் நிற்கிறது. பழசு புதுசை விட நன்றாக இருக்கிற இடமும் உண்டு என்று பதிவு செய்துகொள்கிறேன், அவ்வளவுதான்.

வழிப்போக்கன்:

யூடியூபில் மட்டும் பார்த்தவன். முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். இரண்டாவது வரி கிடையாது.

பின்வரிசை (கேள்வி கேட்டவர்):

வழிப்போக்கன், உங்கள் ஒழுக்கத்தை மெச்சுகிறேன்.

ஆபரேட்டர் ஐயா சொன்ன பிறகு ஒன்று பிடிபட்டது. மப்பெட் அரங்கத்தில் திரைக்குள் தெரிகிற சிவப்புச் சீலையும் வெளியே தொங்குகிற சீலையும் ஒரே மாதிரி. அதனால்தான் கண்ணாடியைக் கழற்றிய பிறகும் மகளுக்கு நிகழ்ச்சி முடிந்துவிடவில்லை. அவளுக்குப் படம் அந்த அறையில் நடக்கிற பல விஷயங்களில் ஒன்று. எட்டாவது சீட் சொன்ன வயது விஷயத்தை மட்டும் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தப் படத்துக்குள்ளேயே 3டியைக் கிண்டல் செய்கிற ஜோக்குகள் இருக்கின்றன, அவை இன்னும் வேலை செய்கின்றன. வால்டோவை மட்டும் யாரும் கிண்டல் செய்யவில்லை. பாவம், அதைப் பெருமையாக நினைத்துவிட்டார்கள்.

கறார் அவர்களே, அப்பா இப்போது இல்லை. உங்கள் அண்ணன் அழுததைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மப்பெட் பார்த்த மறுநாள் யுனிவர்சலில், ஈ.டி. என்ற வேற்றுக்கிரகவாசி படத்தை வைத்துச் செய்த ரைடுக்கும் போனோம். 1990-ல் பூங்கா திறந்தபோதே வந்தது, இன்னும் ஓடுகிறது. சைக்கிளில் உட்கார்ந்து பறப்பதுதான். வரிசையில் நிற்கும்போதே பைன் மர வாசனை. நுழையும்போது பெயரைக் கொடுத்தால் முடிவில் ஈ.டி. பெயர் சொல்லி விடை கொடுக்கும். மகளிடம் எது பிடித்தது என்று கேட்டேன். இரண்டையும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த மறுநாள் வாசல் மிதியடிக்கு அடியில் ஒரு பழைய சாவியை வைத்திருக்கிறாள். எந்தப் பூட்டுக்கு உரியது என்று எங்களுக்கே தெரியாது. கூட்டும்போது எடுத்துவிட்டால் திரும்ப வைக்கச் சொல்கிறாள்.