எம்பிசி லைவ் 2 (அக்காயின்ட இசைத் தயாரிப்புக் கருவி): குரல் ட்ராக்கில ஒரு சொல்லை மட்டும் திருப்பிப் பதியிறது எப்படி?

கேள்வி
டைனமிக் மைக், சின்ன மிக்ஸர், அதிலயிருந்து எம்பிசியின்ட லைன் இன்புட். கோணேசர் பாட்டு ஒன்று, 90 பிபிஎம் (நிமிஷத்துக்கு 90 தட்டு), 4/4 (ஒரு பாருக்கு நாலு தட்டு). குரல் முழுக்க ஒரே ஓடியோ ட்ராக்கில. 17வது பாரில "திருக்கோணமலை" என்ற சொல்லில "கோணமலை" சுருதி விலகியிருக்கு. அதே ட்ராக்கை ஆர்ம் பண்ணி (பதிவுக்குத் தயாராக்கி) ரெக் போட்டா முன் வரியின்ட வாலும் அழிஞ்சு போகுது, ஒட்டுற இடத்தில 'டிக்' என்று கேக்குது. குரலும் வேற ஆள் பாடின மாதிரி. என்ன செய்யலாம் அண்ணா?

பதில் 1
அதே ட்ராக்கில பதியாதீங்க தம்பி. பக்கத்தில புது ஓடியோ ட்ராக் ஒன்று திறந்து, அதே இன்புட்டைக் கொடுத்து, அதை மட்டும் ஆர்ம் பண்ணுங்க. பழைய ட்ராக் ஓடிக்கொண்டே இருக்கிறதால பாடுறவருக்கு முன் வரி காதில விழும், சுருதியும் தாளமும் தானா வந்து பிடிபடும். சீக்குவன்ஸ் லூப்பை (பாட்டு திரும்பத் திரும்பச் சுத்துறதை) நிறுத்துங்க. 15வது பாரிலயிருந்து ஓடவிட்டு, பழையதோட சேர்ந்தே பாடி 19 வரைக்கும் போகச் சொல்லுங்க. 90இல் ஒரு பார் 2.67 செக்கன்தான். சொல் வந்த பிறகு ரெக் அமத்தினா மூச்சும் முதல் எழுத்தும் வெட்டுப்பட்டுப் போகும்.

பிறகு ஓடியோ எடிட்டில வெட்டுங்க. எங்க வெட்டுறது என்பதுதான் முக்கியம். "திரு"வுக்கும் "கோ"வுக்கும் நடுவில "க்க்" என்று நாக்கின்ட பின்பக்கம் மேலண்ணத்தில ஒட்டி அடைபடுற கணத்தில சத்தமே இல்லை. அலைவடிவத்தைப் பெருப்பிச்சுப் பார்த்தா தட்டையான ஒரு துண்டு தெரியும். வெட்டு அங்க. முடிவை அடுத்த மூச்சுக்குச் சற்று முன்னுக்கு வைங்க. "லை"யின்ட நடுவில வெட்டினா எந்த ஃபேடும் (சத்தத்தை மெல்ல ஏற்றி இறக்குறது) காப்பாத்தாது. இரண்டு ஓரத்திலயும் 5 மில்லி செக்கன், அதாவது 44.1 கிலோஹேட்ஸில ஏறக்குறைய 220 சாம்பிள் (அலையின்ட அளவுப் புள்ளி), ஃபேட் போதும். அலை பூச்சியத்தில இல்லாத இடத்தில திடீரென்று வெட்டுப்படுறதுதான் அந்த 'டிக்'.

பதில் 2
குரல் வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் தூரம். கார்டியொயிட் (முன்பக்கச் சத்தத்தைக் கூட எடுக்கிற) மைக்குக்குக் கிட்ட வர வர அடித்தொனி கூடும். ஒரு சாண் தூரம் என்று வைச்சு, ஸ்டாண்ட் நிக்கிற இடத்தில நிலத்தில டேப் ஒட்டுங்க. மிக்ஸர் கெயினையும் எம்பிசி இன்புட் கெயினையும் தொடாதீங்க; மீற்றரில உச்சம் -12 டிபிக்கும் -6 டிபிக்கும் இடையில நின்றாக் காணும்.

மின்விசிறியை மறக்காதீங்க. முதல் பதிவில ஓடி, இதில நிறுத்தினா பின்னால இருக்கிற காத்துச் சத்தம் வெட்டுற இடத்தில அப்பட்டமாத் தெரியும். நம்மட புழுக்கத்தில அது கஷ்டம்தான், ஆனா இரண்டிலயும் ஒரே மாதிரி இருக்கவேணும். 50 ஹேட்ஸ் இரைச்சல் கேட்டா எம்பிசியைச் சார்ஜரில இருந்து கழட்டி பற்றறியில ஓட்டிப் பாருங்க. இரைச்சல் நின்றா அது எர்த் லூப் (கருவிகளின்ட எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகிறது). நிக்காட்டி கேபிளைப் பாருங்க.

பதில் 3
ஒன்றைச் சேர்க்கிறேன். முதல் பதிவுக்குப் பிறகு பிபிஎம் மாத்தி, பழைய குரலுக்கு வார்ப் (சுருதி மாறாம நீளத்தைக் கூட்டிக் குறைக்கிறது) போட்டிருந்தா புதுத் துண்டு தெளிவாவும் பழையது குழைஞ்சும் கேக்கும். மைக்கை எவ்வளவு நகர்த்தினாலும் சரிவராது. அப்ப முழு வரியையும் திருப்பிப் பாடுறதுதான் நல்லது.

கேள்வி கேட்டவர்
பிபிஎம் மாத்தவே இல்லை. பழைய துண்டை அழிக்கலாமா?

பதில் 1
ட்ராக்கில அழிக்கவேண்டாம், அந்த இடத்தை மியூட் பண்ணுங்க. பாவிக்காத சாம்பிள்களை (பதிஞ்ச ஒலித் துண்டுகளை) பேர்ஜ் பண்றது, அதாவது ப்ரொஜெக்ட்டில இருந்து நீக்கிறது, கடைசி மிக்ஸ் ஏற்றுமதி பண்ணி ஹெட்போனிலயும் ஸ்பீக்கரிலயும் கேட்ட பிறகு. அதுக்கு முதல் ப்ரொஜெக்ட்டை வேற பேரில ஒரு தரம் சேவ் பண்ணி வைங்க.