ஹெல்சின்கி – தாலின்: பாய்மரப் படகில் ஒரே பகலில் கடக்க முடியுமா?

பாய்_விரும்பி:
ஜூலையில் நண்பர்கள் நால்வர் 36 அடிப் படகை வாடகைக்கு எடுத்து பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து எஸ்தோனியாவின் தாலினிலுள்ள பிரிட்டா மரினாவுக்கு (படகுத்துறைக்கு)ப் போகிறோம். முன்னறிவிப்பு தென்மேற்குக் காற்று, விநாடிக்கு 7–8 மீட்டர். சார்ட்பிளாட்டரில் (கடல் வரைபடம் காட்டும் திரையில்) நேர்கோடு போட்டால் 42 கடல் மைல் வருகிறது. காலை 7 மணிக்குக் கிளம்பினால் மாலைக்குள் சேரலாமா? கப்பல் பாதையை எப்படிக் கடப்பது?

வடகடல்:
முதலில் அந்த நேர்கோட்டை அழித்துவிடுங்கள். அது ஏக்னா தீவுக்கும் வீம்சி முனைக்கும் நடுவிலுள்ள ஆழமற்ற திட்டில் போய் முட்டும். ஏக்னாவை மேற்கே சுற்றி, நைசார் தீவுக்கும் அதற்கும் இடையே நுழைந்துதான் தாலின் விரிகுடாவுக்குள் போக வேண்டும். ஆக, முதல் கட்டத்தின் திசை சுமார் 193°.

காற்று 225°-லிருந்து வருகிறது. இடைவெளி 32° மட்டுமே. குடும்பப் படகு எதுவும் அவ்வளவு நெருக்கிக் காற்றை எதிர்த்து ஏறாது. காற்றுக்கு 45° வைத்து ஓட்டினால் படகின் முகம் 180°. பக்கவாட்டு நழுவல் 5° சேர்ந்தால் 175°-ல் போய் பிராங்லி தீவின் பாறைகள் பக்கம் நிற்பீர்கள். அங்கிருந்து மேற்கே திருப்பித் திருப்பி ஏற வேண்டும். எதிர் அலையில் வேகமும் விழும். மாலைக்குள் என்பது நடக்காது.

முந்தைய நாளே தீவுகளின் மறைவில் மேற்கே பின்லாந்துக் கரையிலுள்ள போர்க்கலா வரை போய் இரவு தங்குங்கள். தென்மேற்கு என்றால் அந்த 25 மைலில் பாதிக்கு எஞ்சின் ஓடும், பரவாயில்லை. மறுநாள் அங்கிருந்து திசை 152°. காற்று 73°-ல் பக்கவாட்டில் பிடிக்கும். சுமார் 32 மைல், 5.5 நாட் (மணிக்கு 5.5 கடல் மைல்) வேகத்தில் ஆறு மணி நேரம். காந்த விலக்கம் (உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) அங்கே ஏறக்குறைய 10° கிழக்கு, அதனால் திசைகாட்டியில் 142° பாருங்கள். காற்று மேற்கு அல்லது வடமேற்குக்குத் திரும்பினால் மட்டும் ஹெல்சின்கியிலிருந்து நேராகப் போவது சுகம்.

சுக்கான்_பிடி:
கப்பல் பாதை பற்றி. போர்க்கலாவுக்குத் தெற்கே எதிரெதிர்த் திசைக் கப்பல்களைத் தனித்தனியே ஓடவிடும் போக்குவரத்துப் பிரிப்புத் தடம் இருக்கிறது. சர்வதேசக் கடல் மோதல் தவிர்ப்பு விதி 10-ன்படி தடத்தைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். கணக்கு படகின் முகத்துக்கு, ஜி.பி.எஸ். காட்டும் தடத்துக்கு அல்ல. பாய் விரித்திருப்பதால் முன்னுரிமை என்று நினைக்காதீர்கள். தடத்தில் வரும் எஞ்சின் கப்பலுக்கு நீங்கள் இடையூறாக இருக்கக் கூடாது. வேகம் 4 நாட்டுக்குக் கீழே போனால் தயங்காமல் எஞ்சினைப் போடுங்கள்.

தாலின் ஃபெர்ரிகள் 25 நாட் வேகத்தில் வரும். 5 மைல் தூரத்தில் தெரிந்தது 12 நிமிடத்தில் பக்கத்தில் இருக்கும். கைத் திசைகாட்டியால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அதன் திசையைப் பாருங்கள். எண் மாறவில்லையென்றால் மோதல் பாதை. அப்போது 5°, 10° என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் அவர்களுக்குப் புரியாது. 30°-க்கு மேல் ஒரே வீச்சில் திருப்பி, அதன் பின்பக்கம் போய்விடுங்கள்.

2024 முதல் பின்லாந்து வளைகுடாவில் ஜி.பி.எஸ். குறுக்கீடு அடிக்கடி வருகிறது. திரையில் படகு திடீரென நிலத்தில் நிற்கும், ஏ.ஐ.எஸ். (கப்பல்கள் தங்கள் இடத்தை ஒலிபரப்பும் கருவி) காட்டும் இடமும் பொய்யாகும். காகித வரைபடம் மேசையில் இருக்கட்டும். மணிக்கொருமுறை நேரம், திசை, லாக் (ஓடிய தூரத்தை அளக்கும் கருவி) காட்டும் தூரம் எழுதுங்கள். தாலின்னமடல் கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டதும் அதன் திசையை எடுத்துச் சரிபார்க்கலாம். இந்தப் பாதையில் அது உங்களுக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும்.

பாய்_விரும்பி:
போர்க்கலா யோசனை நல்லது, நன்றி. எந்தக் காற்றுக்கு மேல் கிளம்பக் கூடாது? நால்வரில் இருவர் புதியவர்கள்.

வடகடல்:
பின்லாந்து வானிலை நிறுவனம் சிறு படகுகளுக்கு விநாடிக்கு 11 மீட்டரிலிருந்தே எச்சரிக்கை விடும். புதியவர்கள் இருந்தால் என் வரம்பு 9. பால்டிக் அலை உயரத்தால் படுத்துவதில்லை, நெருக்கத்தால் படுத்தும். 1.5 மீட்டர் அலை நாலைந்து விநாடிக்கு ஒன்றாக வந்தால் முன்முனை எழும்புவதற்குள் அடுத்தது அறையும். குமட்டலைத் தடுக்கும் மாத்திரையைக் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே கொடுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு கொடுத்தால் பயனில்லை. மெயின் பாயில் முதல் ரீஃபை (பாயின் பரப்பைக் குறைக்கும் மடிப்பை)த் துறைக்குள்ளேயே கட்டிவிட்டால் நடுக்கடலில் யாரும் மாஸ்ட்டுக்கு (பாய்மரத்துக்கு)ப் போக வேண்டியதில்லை.

தண்ணீரைக் குறைவாக எடைபோடாதீர்கள். தென்மேற்குக் காற்று சில நாள் நின்று வீசினால் பின்லாந்துக் கரையோரம் அடிநீர் மேலேறி, ஜூலையிலும் தண்ணீர் 10° செல்சியஸுக்குக் கீழே போகும். விழுந்தவரின் கை சில நிமிடங்களில் வேலை செய்யாது, ஏணியைப் பிடித்து ஏற முடியாது. காக்பிட்டை (சுக்கான் பிடிக்கும் குழிவான இடத்தை) விட்டு வெளியே வருபவர் யாராக இருந்தாலும் ஹார்னஸ் (பாதுகாப்புப் பட்டை) கொக்கி மாட்டியிருக்க வேண்டும்.

சுக்கான்_பிடி:
கரை சேரும்போது: இந்தப் பக்கத்து மரினாக்களில் பின்பக்கம் மிதவை, முன்பக்கம் மேடை. மிதவைக் கொக்கியில் நீளக் கயிறு கட்டி, ஒருவர் பின்னால் நின்று விட்டுக்கொண்டே வரட்டும். அந்தக் கயிறு தொய்ந்து எஞ்சின் விசிறியில் சுற்றுவதுதான் இங்கே வழக்கமான விபத்து. மிதவை தாண்டியதும் கியரை நியூட்ரலில் வையுங்கள்.