பொருள்: ‘ஸ்பாட்’ என்பதற்குத் தமிழ் – தடம் அல்ல, தடத்தில் ஓர் இடம்

நண்பர்களுக்கு வணக்கம்.

மாதிரி ரயில் கலைச்சொல் இழையில் ‘ஸ்பாட்’ என்பதற்கு, அதாவது சரக்கை ஏற்றவோ இறக்கவோ ஒரு வேகன் தடத்தில் நிற்கவேண்டிய குறித்த இடத்துக்கு, இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: கிளைத்தடம், இறக்குமிடம், நிறுத்துமிடம், புள்ளி. நான்குக்கும் மனம் ஒப்பவில்லை. ஏனென்று சொல்ல என் லேஅவுட்டில் (மாதிரி ரயில் ஓட நான் அமைத்த பாதையில்) இருக்கும் ரொட்டி ஆலையைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்.

எச்ஓ அளவு, அதாவது 87-இல் ஒரு பங்கு. ஆலைச் சுவரை ஒட்டி 65 செ.மீ. நீளத்தில் ஒரே ஒரு முட்டுத்தடம், அதாவது ஒரு முனை மூடிய கிளைத்தடம். நாற்பதடி வேகன் இந்த அளவில் 14 செ.மீ. வரும், கொக்கிகளையும் சேர்த்தால் நான்கு வேகன் நெருக்கி நிற்கும். நான் மூன்றுக்குத்தான் இடம் வைத்திருக்கிறேன். கோடியில் மாவு ஹாப்பர் (அடிவாய் வழியே சரக்கை இறக்கும் வேகன்). சுவரிலிருந்து நீளும் குழாயும் ரப்பர் ஹோஸும் அங்கேதான். நடுவில் சோளப்பாகு டேங்கர், அதற்கு ஒரு பம்பு, ஒரு நீராவிக் குழாய். தடம் பிரியும் பாயின்ட் பக்கமாக அட்டைப்பெட்டியும் உறைத்தாளும் கொண்டுவரும் மூடு வேகன். அதன் கதவு ஆலையின் சரக்குக் கதவுக்கு நேராக நின்றால்தான் உள்ளே பலகை போட்டு இறக்க முடியும்.

சென்ற முறை ஓட்ட வந்த நண்பரிடம், எந்த வேகன் எங்கே போகவேண்டும் என்று எழுதி நான் கொடுத்த அட்டையில் ‘டேங்கர் – ரொட்டி ஆலைக் கிளைத்தடம்’ என்றுதான் இருந்தது. மனிதர் எழுதியபடியே செய்தார். டேங்கரை மாவுக் குழாய்க்கு நேரே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விட்டார். தப்பு அவருடையதல்ல, அட்டையுடையது. தடத்தைச் சொன்ன அட்டை இடத்தைச் சொல்லவில்லை.

> கிளைத்தடம் என்றே வைத்துக்கொள்ளலாம், எளிமையாக இருக்கிறது.

மேலே சொன்ன கதைதான் இதற்குப் பதில். ஒரு கிளைத்தடத்தில் பல ஸ்பாட் இருக்கும். நிஜ ரயில்வேயிலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. அமெரிக்காவில் சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனம் தன் தொழிற்சாலைத் தடங்களுக்கு வட்டாரம், தடம், ஸ்பாட் என்று மூன்று படியாக எண் கொடுத்து வரைபடம் வைத்திருந்தது. இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் ஒரே சொல்லை வைத்தால் அந்த வரைபடத்தைத் தமிழில் எழுதவே முடியாது.

> இறக்குமிடம்?

ஏற்றுவதும் அங்கேதானே. பீட் சர்க்கரை ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். கிழங்கு, நிலக்கரி, சுண்ணாம்புக்கல், அதைச் சுட கோக் எல்லாம் உள்ளே வரும். சர்க்கரை, பாகுக்கழிவு, மாட்டுத் தீவனமாகும் சக்கை எல்லாம் வெளியே போகும். (சர்க்கரை ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் எதற்கென்று கேட்பவர்களுக்கு: சாற்றைத் தெளியவைக்க.) உள்ளே வருவதற்கு ஒரு சொல், வெளியே போவதற்கு இன்னொன்று என்று போனால் அட்டை எழுதி மாளாது.

> நிறுத்துமிடம் எல்லாருக்கும் புரியுமே.

புரியும், கார் நிறுத்துமிடமாக. ‘இங்கே விட்டால் போதும்’ என்ற தொனி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்பாட் என்பதில் இருப்பதோ ‘இங்கேதான், ஒரு விரற்கடை தள்ளியும் கூடாது’ என்ற பிடிவாதம். ‘புள்ளி’ பற்றி அதிகம் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். அகராதியைத் திறந்து முதல் பொருளைப் பொறுக்கிய சொல் அது.

என் பரிந்துரை: நிலை.

தேர் ஓடி முடிந்ததும் என்ன சொல்கிறோம்? தேர் நிலைக்கு வந்தது என்கிறோம். நின்றுவிட்டது என்று சொன்னால் வேறு பொருள். வழியில் சக்கரம் சிக்கிக்கொண்டாலும் நின்றுவிடும். நிலைக்கு வருவது, தான் நிற்கவேண்டிய இடத்திலேயே வந்து நிற்பது. சக்கரத்தில் ஓடும் கனத்த பொருளை முன்னே இழுத்து, பின்னே தள்ளி, கட்டை போட்டு, குறித்த இடத்தில் சேர்க்கிற வேலைக்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கும்போது புதிதாக எதற்குப் படைக்க வேண்டும்? வினையும் கூடவே கிடைக்கிறது: நிலை சேர்த்தல். ‘மாவு ஹாப்பரை நிலை சேர்.’ நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

‘துறை’ என்றும் யோசித்தேன். தோணித்துறை, படித்துறை போல ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு துறை என்பது அழகுதான். ஆனால் ‘வேகன் துறை’ என்று எழுதியதும் அதற்கு ஒரு அமைச்சர் இருப்பார் போலத் தோன்றியது. விட்டுவிட்டேன்.

அன்புடன்,
ரொட்டி ஆலைக்காரன்

----

மறுமொழி:

ஐயா, தேர் உவமை நன்று. ஆனால் ‘வேகனின் நிலை என்ன?’ என்று கேட்டால் எதைச் சொல்வது? காலியா, நிறைந்ததா, பழுதா? நிலை என்ற சொல்லின் மேல் ஏற்கெனவே பத்துப் பொருள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தவிர, ஒரு முட்டுத்தடத்தில் மூன்று வேகன் நிற்பதற்கு இவ்வளவு துல்லியம் தேவையா? என் மேசையில் ஐந்து ஆலைகள் உண்டு. ஆலைக்கு ஒரு வேகன் விடுகிறேன், ஆட்டம் நன்றாகத்தான் போகிறது.

----

மறுமொழி:

ரொட்டி ஆலைக்காரன்தான் மீண்டும். முதல் கேள்வி நியாயமானது. இரண்டாவதை ஒப்புக்கொள்ள மாட்டேன், அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து ஆலைக்கு ஐந்து வேகன் விடுவது தபால்காரர் வேலை. ஒரே உணவு ஆலைக்கு மூன்று விதமான வேகன் விட்டுப் பாருங்கள், ஷண்டிங் (வேகன்களை இழுத்து, தள்ளி, பிரித்துச் சேர்க்கும் வேலை) என்றால் என்னவென்று தெரியும். சோளப்பாகு கெட்டியானது. டேங்கருக்குள் இருக்கும் சுருள்குழாயில் நீராவி விட்டுச் சூடாக்கினால்தான் பம்புக்கு வரும், அதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் கோடியில் மாவு ஹாப்பர் காலியாகிவிட்டது, புதிது வந்து காத்திருக்கிறது. இப்போது என்ன செய்வீர்கள்? பாதி இறக்கிய டேங்கரையும் மூடு வேகனையும் வெளியே இழுத்து, காலி ஹாப்பரைக் கழற்றி, புதியதை உள்ளே தள்ளி, மற்ற இரண்டையும் பழையபடி பம்புக்கும் கதவுக்கும் நேரே கொண்டுவந்து விட வேண்டும். மாற்றியது ஒரு வேகன், நகர்த்தியது நான்கு. இந்தக் கடைசிப் பகுதிக்கு ‘மறுபடி நிலை சேர்த்தல்’ என்று சொல் இருக்கிறது, ‘மறுபடி நிறுத்துமிடமிடல்’ என்று யாரும் சொல்லப்போவதில்லை.

இன்னொன்று. எந்தக் காலத்தை மாதிரி செய்கிறோம் என்பதைப் பொறுத்து நிலையே மாறும். மாவு ஒரு காலத்தில் சாக்கில், மூடு வேகனில்தான் வந்தது. அப்போது ஆலைக்குக் கதவு இருந்தால் போதும், எந்தக் கதவானாலும் சரி. 1950களில் ஜெனரல் அமெரிக்கன் நிறுவனத்தின் ஏர்ஸ்லைடு ஹாப்பர்கள் வந்தன. அடிச்சரிவில் துணி பதித்து, அதன் வழியே காற்றைச் செலுத்தினால் மாவு தண்ணீர் போல வழியும். அன்றுமுதல் ஹாப்பரின் வாயும் ஆலையின் குழாயும் சந்திக்கும் இடம் என்று ஒன்று உண்டாகிவிட்டது. 1940களை மாதிரி செய்பவர் மாவுக் குழாயை ஒட்டாமல் விட்டால் பசையும் மிச்சம்.

சொல்லுக்கு வருகிறேன். ‘நிலை’ தனியே நின்றால் குழப்பும் என்பது சரிதான், அதை விட்டுக்கொடுக்கிறேன். பெயராக வரும்போது சேர்நிலை என்று வைக்கலாம். வினை நிலை சேர்த்தல் என்றே இருக்கட்டும். உரிய சேர்நிலையில் வேறு வேகன் இருப்பதால் பக்கத்துத் தடத்தில் கிடக்கும் வேகனுக்கு ‘ஆஃப்-ஸ்பாட்’ என்பார்கள். அதை நிலைதப்பிய வேகன் என்றால் ஏதோ குற்றம் செய்தது போலிருக்கிறது. நிலைகாத்த வேகன் என்றால் காவல் காத்ததாகிவிடும். ‘காத்திருப்பு வேகன்’ என்றே இப்போதைக்கு எழுதியிருக்கிறேன், நல்லது தோன்றினால் சொல்லுங்கள்.

புதிய அட்டை இப்படி இருக்கிறது:

‘சோளப்பாகு டேங்கர். ரொட்டி ஆலை, தடம் 1, சேர்நிலை 2. சேர்நிலையில் வேறு வேகன் இருந்தால் தடம் 3-இல் காத்திருப்பு.’

நேற்று அதே நண்பர் வந்திருந்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் பம்புக்கு நேரே நிறுத்தினார். மூடு வேகனின் கதவுதான் ஒரு விரல் தள்ளி நின்றது. ‘நிலைக்கு வரலையே’ என்று அவரே சொல்லிக்கொண்டு மறுபடி இழுத்தார். நான் அந்தச் சொல்லை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

ஒரு விதிவிலக்கு: பழைய ஐஸ் வேகன்களுக்குப் பனிக்கட்டி நிரப்பும் நீள மேடை. அங்கே வேகன்கள் வரிசையாகப் போய் நிற்கும்; மேடையிலிருந்து 300 பவுண்டுக் கட்டிகளை உடைத்துக் கூரைத் திறப்பு வழியே போடுவார்கள். எந்த வேகன் எங்கே நின்றாலும் ஒன்றுதான். அதைச் சேர்நிலை என்று சொல்ல வேண்டாம், மேடை என்றே விட்டுவிடலாம்.