உபுண்டுவின் மென்பொருள் கடை டெவலப்பருக்குப் போதுமா?

நிரலன்:
உபுண்டு லினக்ஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலே வேண்டாம், மென்பொருள் கடையிலேயே எல்லாம் கிடைக்கும் என்று புதியவர்களிடம் சொல்கிறோம். நிரல் எழுத வருபவரிடம் தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அந்தக் கடையில் 'லிப்எஸ்எஸ்எல்-டெவ்' என்ற பேக்கேஜை, அதாவது நிறுவுவதற்கான மென்பொருள் பொதியை, தேடினால் வராது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியை நம் நிரலில் பயன்படுத்தத் தேவையான ஹெடர் கோப்புகள் அந்த பேக்கேஜில்தான் இருக்கின்றன. இத்தகைய கடைகள் பொதுவாக ஆப்ஸ்ட்ரீம் என்ற செயலி விவரக் குறிப்பு உள்ள பேக்கேஜ்களை மட்டும் காட்டுகின்றன. ஐகானும் விளக்கமும் உள்ள செயலிகளுக்கு அது பொருந்தும், பிற நிரல்கள் பயன்படுத்துவதற்கான லைப்ரரிக்கு யார் ஐகான் வரைவார்கள்?

தென்றல்:
நீங்கள் சொல்வது கடையின் குறை நண்பரே, வரைகலை இடைமுகத்தின் குறை அல்ல. சினாப்டிக் என்ற வரைகலை நிறுவல் கருவி எல்லா பேக்கேஜையும் காட்டும். எது எதைச் சார்ந்தது, எந்தெந்தப் பதிப்பு இருக்கிறது என்பதெல்லாம் ஒரே ஜன்னலில் தெரியும். உபுண்டு 11.10இல் அதை இயல்பு நிறுவலிலிருந்து எடுத்ததுதான் தவறு. உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்தில் இன்றும் இருக்கிறது.

நிரலன்:
சரி, சினாப்டிக்கில் நிறுவிவிட்டீர்கள். உடன் வேலை செய்பவருக்கு அதை எப்படிச் சொல்வீர்கள்? நிரலோடு வரும் ரீட்மீ குறிப்பில், டெர்மினலில் பேக்கேஜ் நிறுவும் ஆப்ட் கட்டளையை ஒரு வரி எழுதினால் போதும். கிட்டத்தட்ட அதே வரி, கன்டெய்னர் உருவாக்கும் டாக்கர்ஃபைலிலும் ஓடும், திரையே இல்லாத சர்வரிலும் ஓடும்.

தென்றல்:
நிறுவக் குறித்த பேக்கேஜ் பட்டியலைக் கோப்பாகச் சேமித்து வேறு கணினியில் திறக்க சினாப்டிக்கிலும் வழி உண்டு. சர்வர் விஷயத்தில் உங்களோடு வாதமில்லை. நான் பேசுவது அதற்கு முந்தைய கட்டம். பேக்கேஜின் பெயரே தெரியாதபோது என்ன செய்வது? நீங்கள் சொன்ன அதே ஹெடர் கோப்புகளுக்கு ஃபெடோரா லினக்ஸில் 'ஓபன்எஸ்எஸ்எல்-டெவெல்', உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனில் வேறு பெயர். பட்டியலைப் பார்த்து, விளக்கம் படித்து, பக்கத்தில் இருப்பதையும் கவனித்துத் தேர்ந்தெடுக்க டெர்மினல் வசதியான இடமே இல்லை.

நிரலன்:
ஆப்ட்-ஃபைல் என்ற டெர்மினல் கருவியிடம் ஹெடர் கோப்பின் பெயரைக் கொடுங்கள், எந்த பேக்கேஜில் இருக்கிறது என்று சொல்லிவிடும். இன்னும் நிறுவாதவற்றிலும் தேடும். சினாப்டிக்கோ நிறுவியவற்றின் கோப்புப் பட்டியலைத்தான் காட்டுகிறது.

கயல்:
இருவரும் கருவி தெரிந்தவர்களாகப் பேசுகிறீர்கள். ஆப்ட்-ஃபைல் என்று ஒன்று இருப்பதே தெரியாத மாணவர் என்ன செய்வார்? ஓபன்சூசே லினக்ஸில் நெடுநாள் இருந்த நிர்வாகக் கருவியான யாஸ்ட்டில் 'பேட்டர்ன்' என்ற வசதி உண்டு. சி, சி++ நிரலாக்கம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு வேண்டிய தொகுப்பு முழுவதும் வந்துவிடும். டெவலப்பரை மனதில் வைத்து வரைகலை செய்ய முடியும், செய்தும் இருக்கிறார்கள்.

நிரலன்:
அது நல்ல வசதி, மறுக்கவில்லை. டெபியன் வழியில் 'பில்ட்-எசென்ஷியல்' என்ற பேக்கேஜ் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது. நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரும், அந்த வேலையை வரிசையாக நடத்தும் மேக் கருவியும் ஒன்றாக வந்துவிடும். முதலில் அதையாவது கடையில் தேடினால் கிடைக்கும்படி வைக்கட்டும், புதியவர்களை நானே அங்கே அனுப்புகிறேன்.