வெளிநாட்டில் ஆசிரியர் வேலை: விசாவிலும் வேலை அனுமதியிலும் எங்கே சறுக்குகிறது?

விசா நாட்டுக்குள் நுழைய. வேலை அனுமதி சம்பளம் வாங்கிப் பாடம் நடத்த. தங்கும் அனுமதி அங்கேயே குடியிருக்க. பல நாடுகளில் இந்த மூன்றுக்கும் தனித்தனி அலுவலகம், தனித்தனிக் கெடு. சீனாவில் பள்ளி முதலில் வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் வாங்கித் தர வேண்டும். அதை வைத்துத்தான் இசட் விசாவுக்கு, அதாவது வேலைக்கு வருபவருக்கான விசாவுக்கு, மனு. போய் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் முகவரிப் பதிவு. ஹோட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள், வீட்டில் தங்கினால் நாம்தான் போக வேண்டும். 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு மனு.

"டூரிஸ்ட் விசாவில் வாங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். சீனாவில் சட்டவிரோத வேலைக்கு அபராதம் 5,000 முதல் 20,000 யுவான். விவகாரம் பெரிதானால் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. மாட்டிக்கொள்வது வகுப்பில் நிற்கும் ஆசிரியர்தான், ஏஜென்ட் இல்லை.

*

மேலே விசா பற்றி எழுதிய சகோதரர் சொன்னது சரி. ஆனால் பலருக்கு அதற்கு முன்பே, சான்றிதழ் கட்டத்திலேயே காரியம் நின்றுவிடுகிறது.

அப்போஸ்டில் என்பது 1961 ஹேக் ஒப்பந்தத்தின்படி, ஆவணத்திலுள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று ஒட்டப்படும் சான்று. இரண்டு நாடும் உறுப்பினராக இருந்தால் மட்டும் போதாது, இரண்டுக்கும் இடையே ஒப்பந்தம் அமலில் இருக்க வேண்டும். சீனா 2023 நவம்பர் 7 முதல் உறுப்பினர், இந்தியாவும் உறுப்பினர்தான். ஆனாலும் இந்த இரண்டு நாட்டுக்கும் இடையே அது அமலுக்கு வரவில்லை. ஆகவே இந்தியப் பட்டத்துக்குத் தூதரக அட்டஸ்டேஷனே, அதாவது தூதரகம் முத்திரை போட்டுச் சான்றளிப்பதே, வழி. அமீரகத்துக்கும் அப்படித்தான்: பட்டம் கொடுத்த நாட்டின் வெளியுறவுத் துறை, பிறகு அமீரகத் தூதரகம், கடைசியில் அமீரக வெளியுறவு அமைச்சகம். வரிசை மாறினால் அடுத்த முத்திரை கிடைக்காது.

பட்டத்தை லேமினேட் செய்யாதீர்கள். அதன்மேல் முத்திரை ஏறாது. பல்கலைக்கழகத்தில் நகல் பட்டம் வாங்க மாதக்கணக்கில் அலைய நேரும். அப்போஸ்டில் தாளைப் பட்டத்தோடு சேர்த்து ஸ்டேப்ளரோ ரிப்பனோ போட்டுத் தருவார்கள். ஸ்கேன் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று கடைக்காரர் அந்தப் பின்னைப் பிடுங்கிவிடுவார். பிரித்த தடம் தாளின் மூலையில் இரண்டு ஓட்டையாகத் தெரியும். அதைப் பார்த்தே திருப்பி அனுப்புவார்கள். தாளை மடித்துத்தான் ஸ்கேன் எடுக்க வேண்டும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரையும் பாருங்கள். பட்டத்தில் முன்னெழுத்து, பாஸ்போர்ட்டில் விரித்த பெயர் என்றால் இரண்டும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, அதற்கும் அட்டஸ்டேஷன் செய்யுங்கள்.

பட்டத்துக்குக் காலாவதி கிடையாது, அதனால் அந்த வேலையை முதலில் முடித்துவிடுங்கள். காவல்துறை நற்சான்றைக் கடைசியில் எடுங்கள். தென் கொரியாவின் ஈ-2 விசாவுக்கு, அதாவது மொழி ஆசிரியர் விசாவுக்கு, அது 6 மாதத்துக்குள் வாங்கியதாக, தேசிய அளவிலானதாக இருக்க வேண்டும். மாநிலப் போலீஸ் தரும் தாள் எடுபடாது. ஈ-2 பெரும்பாலும் ஆங்கிலம் தாய்மொழியான 7 நாட்டவருக்கானது என்பதை முன்பணம் கேட்கும் ஏஜென்ட் சொல்லமாட்டார்.

*

தாய்லாந்தில் ஆசிரியர் வேலைக்கு என்ன வேண்டும் என்று கேட்ட தங்கைக்கு: வேலைக்கான நான்-இமிகிரண்ட் பி விசாவில் முதலில் 90 நாள் தருவார்கள். அதற்குள் வேலை அனுமதியையும் ஓராண்டு நீட்டிப்பையும் முடிக்க வேண்டும். பள்ளியில் பாடம் நடத்த ஆசிரியர் கவுன்சிலான குருசபாவின் உரிமமோ தற்காலிக அனுமதியோ வேண்டும். பள்ளி அதற்கு மனு போட்டதா என்று ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லோரும் மறப்பது ரீ-என்ட்ரி, அதாவது வெளியே போய்த் திரும்பி வர முன்பே வாங்கும் அனுமதி. அது இல்லாமல் விடுமுறைக்கு ஊருக்குப் போனால் ஓராண்டு நீட்டிப்பு அத்தோடு போச்சு, மறுபடி முதலிலிருந்து. ஒரு தடவைக்கு 1,000 பாத், பல தடவைக்கு 3,800. 90 நாளுக்கொரு முறை முகவரி அறிக்கையும் தர வேண்டும். நாட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்தால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். கெடு தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாத், உச்சம் 20,000.

*

ஜப்பானில் பள்ளி ஆசிரியருக்கும் தனியார் மொழி வகுப்பு ஆசிரியருக்கும் தங்கும் தகுதி வேறு வேறு. பள்ளிக்கான தகுதியை வைத்துக்கொண்டு சாயங்காலம் மொழி வகுப்பு எடுக்க முன்கூட்டியே தனி அனுமதி வேண்டும். வேலை மாறினால் 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பிரிட்டனில் ஸ்கில்டு வொர்க்கர் என்ற வேலை விசாக்காரர் பள்ளியை விட்டால், வழக்கமாக 60 நாளில் புதிய ஸ்பான்சரை, அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் வேலை தருபவரை, பிடிக்க வேண்டும் அல்லது கிளம்ப வேண்டும்.

சீனாவில் விலகுபவர்கள் இரண்டு தாளை மறக்கக் கூடாது: பணி விடுவிப்புக் கடிதம், வேலை அனுமதி ரத்துச் சான்று. இரண்டும் இல்லாமல் அடுத்த பள்ளி மனு போட முடியாது. வாங்கும்வரை குடியிருப்புச் சாவியைத் திருப்பித் தராதீர்கள்.